துருத்தி தளரும்போது

சடுகுடு ஆட்டம் அறியாத மாணவர் இருக்க முடியாது. கோட்டைத் தாண்டி எதிரணிக்குள் நுழைந்தவன் 'சடுகுடு, சடுகுடு' என்று விடாமல் பாட வேண்டும். இடையில் மூச்சு வாங்கிவிட்டால் ஆட்டமிழந்தவன் ஆவான். இதே விதியை மருத்துவர்களும் ஒரு சோதனையாகக் கையாளுகிறார்கள் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். நோயாளியை ஆழ மூச்சிழுக்கச் செய்து, அந்த ஒரே மூச்சில் எண்களைச் சொல்லச் சொல்வார்கள். நொடிக்கு இரண்டு எண் என்ற வேகத்தில், உடல்நலமுள்ள பெரியவர் ஒருவர் ஏறத்தாழ 50 வரை போய்விடுவார். (தமிழில் 'முப்பத்தேழு, முப்பத்தெட்டு' என்று அந்த வேகத்தில் சொல்ல நாக்கு சுழலாது. ஒன்று முதல் பத்து வரை திரும்பத் திரும்பச் சொல்லிப் பாருங்கள்.) 20-ஐக்கூட எட்ட முடியாத ஒருவரை மருத்துவர் எளிதில் வீட்டுக்கு அனுப்பமாட்டார்.

இப்படி எண்ண முடியாமல் போகிறவர்களில் சிலருடைய மார்பை எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தால் நுரையீரல் மாசு மறுவின்றி இருக்கும். சளி இல்லை, காசம் இல்லை, ஆஸ்துமா இல்லை. ஆனாலும் மூச்சு போதவில்லை. இது எப்படி?

விடை காண நாம் கொல்லன் பட்டறைக்குப் போக வேண்டும். அங்கே உலைக்குக் காற்றூதும் தோல் துருத்தி தானாக விரிவதில்லை. ஒரு கை அதை விரிக்க வேண்டும். விரியும்போது உள்ளே இடம் பெருகுகிறது, அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று உள்ளே பாய்கிறது. நுரையீரலும் அப்படிப்பட்ட ஒரு பைதான். அதைத் தானே விரித்துக்கொள்ளும் தசை அதனிடம் இல்லை. விரிக்கும் 'கை' வெளியே இருக்கிறது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே, கவிழ்த்த கிண்ணம்போல் இருக்கும் உதரவிதானம் என்னும் தசைதான் அது. அமைதியாக மூச்சு விடும்போது வேலையின் பெரும்பகுதியை அதுவே செய்கிறது. விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் துணைக்கு நிற்கின்றன.

நீங்கள் படித்த பாயில் விதியை இங்கே பயன்படுத்திப் பாருங்கள். சாதாரணமாக மூச்சை வெளிவிட்ட பிறகும் பெரியவர் ஒருவரின் நுரையீரலில் ஏறத்தாழ 2500 மி.லி. காற்று தங்கியிருக்கும். அது வெறும் 2.5 மி.லி. விரிந்தால், அதாவது ஆயிரத்தில் ஒரு பங்கு விரிந்தால், உள்ளழுத்தமும் ஆயிரத்தில் ஒரு பங்கு குறையும். வளிமண்டல அழுத்தம் 1033 செ.மீ. உயர நீர்த்தம்பத்துக்குச் சமம். ஆகவே இந்தக் குறைவு ஒரே ஒரு செ.மீ. நீரழுத்தம்தான். வெளிக்காற்றை உள்ளே வரவழைக்க இந்த அற்ப வேறுபாடே போதும்! ஒரு மூச்சுக்கு 500 மி.லி., நிமிடத்துக்கு 12 முதல் 16 மூச்சு, நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 மூச்சு என்று நாம் உயிர் வாழ்வது இந்தச் சின்னஞ்சிறு அழுத்த வேறுபாட்டை நம்பித்தான்.

உதரவிதானம் தானாக இயங்குவதில்லை. மூளையின் அடிப்பகுதியிலிருந்து ஆணை புறப்பட்டுத் தண்டுவடத்தில் இறங்குகிறது, கழுத்துப் பகுதியில் பிரியும் நரம்புகள் வழியே உதரவிதானத்தை அடைகிறது, நரம்பின் நுனியில் சுரக்கும் அசிட்டைல்கோலின் என்ற பொருள் இடைவெளியைத் தாண்டித் தசையைத் தட்டி எழுப்புகிறது, தசை சுருங்குகிறது. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் துருத்தி நிற்கும்.

நரம்பு நுனிக் கண்ணி அறுவதை நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர்கள் கண்ணாலேயே கண்டிருப்பார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்த கான்சாபுரம் என் சொந்த ஊர். வயலும் தோப்பும் சூழ்ந்த அப்படிப்பட்ட ஊர்களில் தரையில் படுத்து உறங்குபவரை இரவில் கட்டுவிரியன் தீண்டுவது உண்டு. வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியும்போது கண்ணிமை தொங்கும், பேச்சுக் குழறும், பிறகு மூச்சு நிற்கும். நஞ்சு நுரையீரலைத் தொடுவதே இல்லை. நரம்பு நுனிகளைத்தான் சிதைக்கிறது. சிதைந்த நுனிகள் மீண்டும் வளரப் பல நாட்கள் ஆகும். அதுவரை யாராவது, அல்லது ஏதாவது ஒரு பொறி, அவருக்காகத் துருத்தியை இயக்கிக்கொண்டே இருந்தால் அவர் எழுந்து வீட்டுக்கு நடந்து போவார்.

கட்டுவிரியன் ஓர் இரவில் செய்வதை, சில அரிய நோய்கள் பத்துப் பதினைந்து ஆண்டுகள் எடுத்துக்கொண்டு செய்கின்றன. அவற்றுள் ஒன்று டுஷேன் தசைநார்த் தேய்வு நோய். 1860-களில் இதை விரிவாக எழுதிய பிரெஞ்சு மருத்துவர் டுஷேனின் பெயரால் அது வழங்குகிறது. ஏறத்தாழ 5000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வரும். தசை இழைகள் சுருங்கி விரியும்போது அவற்றின் சவ்வு கிழிந்துவிடாமல் தாங்கும் டிஸ்ட்ரோஃபின் என்ற புரதம் இவர்கள் உடலில் உருவாவதில்லை. அந்தப் புரதத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்றுதான், மாற்று இல்லை. ஆகவேதான் பெரும்பாலும் சிறுவர்களே பாதிக்கப்படுகிறார்கள். இந்த மரபணுவை 1986-இலும் புரதத்தை 1987-இலும் அமெரிக்காவில் கன்கெல் என்பவரின் குழுவினர் கண்டறிந்தனர்.

நான்கைந்து வயதில் சிறுவன் அடிக்கடி விழுவான். தரையிலிருந்து எழும்போது தன் தொடைகளையே கையால் பிடித்து ஏறி நிமிர்வான். கெண்டைக்கால் மட்டும் பருத்துத் தெரிவதால், 'பிள்ளை நல்ல பலசாலி' என்று உறவினர்கள் சொல்வதும் உண்டு. பத்து முதல் பதின்மூன்று வயதுக்குள் பலருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படுகிறது. கால்கள் தளர்வதை ஊரே பார்க்கிறது. மார்புக்குள் தளர்வதை எவரும் பார்ப்பதில்லை.

ஏன் தெரிவதில்லை என்பது சுவையான கணக்கு. சாதாரண மூச்சு ஒன்றுக்குத் தசைகள் உண்டாக்க வேண்டிய இழுவிசை 5 செ.மீ. நீரழுத்தம் அளவுக்குத்தான். ஆனால் நல்ல உடல்நலமுள்ள இளைஞன் முழுப் பலத்தோடு இழுத்தால் 100 செ.மீ. வரை உண்டாக்க முடியும். இருபது மடங்கு சேமிப்பு! வங்கியில் நூறு ரூபாய் வைத்துக்கொண்டு ஐந்து ரூபாய் மட்டும் செலவழிப்பவருக்குத் திருட்டுப் போவது உடனே தெரியாது. ஐம்பது போனாலும் அன்றாடச் செலவு நடந்துகொண்டேதான் இருக்கும். ஓடுகிறவனுக்காவது மேல்மூச்சு வாங்கும். சக்கர நாற்காலியில் இருப்பவன் ஓடுவதே இல்லையே. அதோடு, வளரும் சிறுவனின் மார்பும் வளர்வதால் அவன் ஒரே மூச்சில் ஊதக்கூடிய காற்றின் அளவு பதின்மூன்று, பதினான்கு வயது வரை கூடியே வரும். பிறகு ஒரு மட்டத்தில் நின்று, ஆண்டுக்கு ஆண்டு இறங்கும். இறக்கம் தொடங்கியதை ஊதிப் பார்க்கும் கருவி ஒன்றுதான் காட்டிக்கொடுக்கும். ஆகவேதான், ஒரு தொல்லையும் தெரியாத காலத்திலேயே ஆண்டுதோறும் அளந்து பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள்.

சேமிப்பு கரைந்தபின் என்ன நடக்கிறது? இங்கே ஒரு கணக்குப் போடுவோம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

நாம் இழுக்கும் காற்று முழுவதும் நுரையீரலின் நுண்ணறைகளுக்குப் போய்ச் சேர்வதில்லை. மூக்கு, தொண்டை, மூச்சுக்குழல் இவற்றை நிரப்பவே ஏறத்தாழ 150 மி.லி. செலவாகிறது. அங்கே வாயு மாற்றம் நடப்பதில்லை. குழாயில் தங்கிய தண்ணீர் குடத்துக்கு வந்து சேராததுபோல. உடல்நலமுள்ளவர் 500 மி.லி. வீதம் நிமிடத்துக்கு 12 முறை மூச்சிழுக்கிறார்: மொத்தம் 6000 மி.லி. இதில் பயன்படுவது (500 – 150) × 12 = 4200 மி.லி. தசை தளர்ந்தவர் ஆழமாக இழுக்க முடியாமல் 250 மி.லி. வீதம் இழுக்கிறார், ஈடுகட்ட 24 முறை இழுக்கிறார். மொத்தம் அதே 6000 மி.லி.தான். ஆனால் பயன்படுவதோ (250 – 150) × 24 = 2400 மி.லி.! இரட்டிப்பு வேலை செய்தும், கிடைப்பது பாதியைவிடச் சற்றே அதிகம். பக்கத்தில் இருப்பவர்கள் 'வேகமாகத்தானே மூச்சு விடுகிறான்' என்று நிம்மதி அடைகிறார்கள்.

இதில் முதலில் குவிவது கரியமில வாயு. அதை வெளியேற்ற நுண்ணறைகளைக் காற்றால் திரும்பத் திரும்ப அலசியாக வேண்டும். வேறு வழி இல்லை.

பகலைவிட இரவு மோசமானது. நிற்கும்போதும் உட்காரும்போதும் புவியீர்ப்பு வயிற்று உறுப்புகளைக் கீழே இழுத்து உதரவிதானத்துக்கு உதவி செய்கிறது. வயிற்றை நீர் நிறைந்த ஒரு பையாக எண்ணிக்கொள்ளுங்கள். மல்லாந்து படுத்தால் அந்தப் பை மார்புப் பக்கமாகச் சாய்ந்து அழுத்துகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் உதரவிதானம் அதைத் தள்ளிவிட்டே இறங்க வேண்டும். பலமுள்ளவருக்கு இது ஒரு பொருட்டல்ல. தளர்ந்த உதரவிதானமோ இறங்குவதற்குப் பதில் மேலே உறிஞ்சப்படுகிறது. மூச்சிழுக்கும்போது உப்ப வேண்டிய வயிறு உள்ளே குழிகிறது. இதற்குமேல் கனவுத் தூக்கம் வேறு. கனவு காணும் நேரத்தில் நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை, கைகால் தசைகளையும் விலாத் தசைகளையும் ஏறக்குறைய அணைத்து வைக்கிறது. உதரவிதானத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. நம்மில் யாரும் இதை உணர்வதில்லை. ஆனால் உதரவிதானமே தளர்ந்தவர்க்கு, துணைக்கு நின்றவர்களும் வீட்டுக்குப் போய்விட்ட நேரம் அது.

எங்கள் வட்டாரத்தில் இந்நோயுள்ள மாணவன் ஒருவனை நான் அறிவேன். அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, இயற்பியலில் கெட்டிக்காரன். பதினொரு வயதிலிருந்தே சக்கர நாற்காலி. அந்த ஆண்டு முதல் பாடவேளையில் தூங்கி விழத் தொடங்கினான். காலையில் தலைவலி என்பான். பத்து மணிக்கு அதுவே போய்விடும். இரவில் பலமுறை தன்னைப் புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வதாகத் தாயார் கூறினார். பள்ளியில் அவனுக்குச் 'சோம்பல்' என்று பெயர் வந்தது. வீட்டில் தேர்வுப் பயம் என்று நினைத்தார்கள். மேலே சொன்னவற்றைத் திரும்பப் படித்தால், அவன் இரவு முழுவதும் என்ன செய்துகொண்டிருந்தான் என்பது உங்களுக்கு விளங்கும். குவிந்த கரியமில வாயு மூளையின் இரத்தக் குழாய்களை விரிக்கிறது, அதுதான் தலைவலி. எழுந்து உட்கார்ந்து நன்றாக மூச்சு விட்டதும் வாயு வெளியேறுகிறது. அதனால்தான் பத்து மணிக்குத் தலைவலி இல்லை.

இத்தகையவர்களுக்கு ஆக்ஸிஜன் உருளையை வாங்கி வைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 1952-இல் கோபன்ஹேகன் நகரின் பிளெக்டாம் மருத்துவமனையில் இதே கேள்விக்கு உயிர்களே விலையாயின. இளம்பிள்ளைவாதக் கொள்ளைநோய் பரவி, மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்கள் நாள்தோறும் வந்துகொண்டிருந்தார்கள். அங்கே உடல் முழுவதையும் உள்ளடக்கும் 'இரும்பு நுரையீரல்' ஒன்றும், மார்புக் கவசப் பொறிகள் ஆறும் மட்டுமே இருந்தன. முதலில் சிகிச்சை பெற்ற 31 பேரில் 27 பேர் இறந்தனர். அவர்கள் இரத்தத்தில் பைகார்பனேட் மிகுந்திருந்ததைக் கண்ட மருத்துவர்கள், இது ஏதோ விளங்காத காரத்தன்மை என்று எண்ணினார்கள். மயக்கமருந்து வல்லுநரான பியோன் இப்சன் வந்து பார்த்து, 'இது காரம் அன்று. வெளியேறாமல் தேங்கிய கரியமில வாயு' என்றார். ஆக்ஸிஜன் பெறும் நோயாளியின் உதடும் நகமும் சிவப்பாகவே இருக்கும். ஆனால் அவருள்ளே கரியமில வாயு ஏறிக்கொண்டே போகும். ஆகஸ்டு 27-ஆம் நாள் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் மூச்சுக்குழலில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தினார். அவள் பிழைத்தாள். பிறகு ஏறத்தாழ 1500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, வாரக்கணக்கில், இரவு பகலாக நோயாளிகளின் அருகே அமர்ந்து பைகளை அமுக்கினார்கள். உங்களைவிட நாலைந்து வயதே மூத்தவர்கள்! இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகள் அந்த அறைகளிலிருந்து பிறந்தவைதான். (இந்தியாவில் இயற்கையான இளம்பிள்ளைவாதக் கிருமியால் கடைசியாக ஒரு குழந்தை பாதிக்கப்பட்டது 2011-இல்.)

ஆகவே தசைத் தளர்ச்சிக்கு வேண்டியது முதலில் அலசும் காற்று. விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் அளவி 98 என்று காட்டினாலும், ஆக்ஸிஜன் மட்டும் பெறுபவர் நலமாக இருக்கிறார் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. அது கரியமில வாயுவை அளப்பதே இல்லை. இதை அறியாமல் நடக்கும் தவறு இன்றும் உண்டு.

மூச்சுக்கு அடுத்தது இருமல். இருமலை நாம் தொல்லை என்கிறோம். உண்மையில் அது துப்புரவுப் பணி. ஆழ மூச்சிழுத்து, குரல்வளையை மூடி, வயிற்றுத் தசைகளை இறுக்கி, சட்டென்று திறந்தால் காற்று நிமிடத்துக்கு 360 லிட்டரை மிஞ்சும் வேகத்தில் சீறுகிறது. தசை நோயாளிகளுக்கு இந்த வேகம் 270-க்குக் கீழே போய்விட்டால் சாதாரணச் சளியே நிமோனியாவாக முற்றக்கூடும்; 160-க்குக் கீழே சளி அசையவே அசையாது.

இங்கே நம் தலைநகரின் பழைய பெயரைத் தாங்கிய ஒரு நோயையும் சொல்ல வேண்டும். 1970-இல் சென்னை மருத்துவர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி. ராமமூர்த்தி ஆகியோர், இளவயதினரிடம் காணப்பட்ட ஒரு தனிவகை இயக்க நரம்பு நோயை விவரித்தார்கள். உலக மருத்துவ நூல்களில் அது 'மெட்ராஸ் இயக்க நரம்பு நோய்' எனப்படுகிறது. பெரும்பாலும் தென்னிந்தியாவில் காணப்படும் அரிய நோய். கைகால் மெலிவதோடு காது கேட்கும் திறன் குறைகிறது; முகம், நாக்கு, தொண்டைத் தசைகள் தளர்கின்றன. இது மெதுவாகவே முன்னேறுவது. நோயாளிகள் பல்லாண்டுகள் வாழ்கிறார்கள். ஆனால் தொண்டை தளர்ந்தால் விழுங்கும் கஞ்சியோ நீரோ வழி தவறி மூச்சுக்குழலில் இறங்கும்; குரல்வளை சரியாக மூடாவிட்டால் இருமலும் வலுவிழக்கும். துருத்தி ஓரளவு நன்றாக இருந்தாலும் வாயில் காவல் இல்லை. இயற்பியலார் ஸ்டீஃபன் ஹாக்கிங்குக்கு இருந்ததும் ஓர் இயக்க நரம்பு நோயே, ஆனால் வேறு வகை. 1985-இல் நிமோனியா வந்தபோது உயிர்காக்க அவருடைய மூச்சுக்குழலில் துளையிட்டார்கள். அவர் குரலை இழந்தது அப்போதுதான். அதற்குப் பிறகும் 33 ஆண்டுகள் வாழ்ந்தார்.

டுஷேன் நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. ஸ்டீராய்டு மருந்துகள் தளர்ச்சியைத் தள்ளிப்போடுகின்றன. இதயமும் ஒரு தசையாதலால் அதையும் கவனிக்க வேண்டும். ஆனால் வாழ்நாளைப் பெரிதும் நீட்டியவற்றுள் ஒன்று, மூக்கில் அணியும் ஒரு முகமூடியும் அதோடு சேர்ந்த சிறு காற்றழுத்தப் பொறியும்தான். மூச்சிழுக்கும்போது அது அழுத்தத்தைக் கூட்டித் தள்ளுகிறது, விடும்போது குறைத்துக்கொள்கிறது. இரவில் அணிந்தாலே போதும், பகலும் தெளிகிறது. முன்பு இருபது வயதையொட்டி முடிந்துபோன வாழ்க்கைகள் இப்போது முப்பதையும் தாண்டுகின்றன. இருமலுக்கும் வழி உண்டு: கைப்பையால் இரண்டு மூன்று மூச்சுகளை அடுக்கடுக்காக உள்ளே நிரப்பி, நோயாளி இருமும் கணத்தில் வயிற்றை அழுத்தி உதவுவது. பயிற்சி பெற்றால் வீட்டிலிருப்பவரே செய்யலாம்.

நான் சொன்ன மாணவனை மதுரைக்கு அழைத்துச் சென்று அளந்து பார்த்தார்கள். முகமூடி வந்தது. முதல் சில இரவுகள் காற்று கண்ணில் அடிக்கிறது என்று கழற்றி எறிந்தான். இரண்டாவது வாரம் தாயார் ஒரு முழு இரவு எழுந்திருக்காமல் உறங்கினார். பிறகு அவன் என்னிடம் கேட்டது நோயைப் பற்றி அல்ல, மின்தடையைப் பற்றி. பொறி 30 வாட் எடுக்கிறது. வீட்டில் கிடந்த 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரியில் 84 வாட்-மணி. மூன்று மணி நேரம்கூட வராது. 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 1800 வாட்-மணி. தாளில் 60 மணி நேரம். இன்வெர்ட்டரில் இழப்பு உண்டு, பேட்டரியை முழுதாகக் காலி செய்யவும் கூடாது என்று பாதியைக் கழித்து, 30 மணி நேரம் என்று அவனே எழுதி அப்பாவிடம் கொடுத்தான். வாங்கிய பேட்டரி அவன் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.